லோகு வேலையில் இருக்கிறான்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு டிவியோடு லேப்டாப்பை இணைத்தால் பாடம் வராது. அடுத்த தெருவிலுள்ள இரும்பு உருக்காலையின் உட்புறம் தெரியும். டிவியைக் கொடுத்ததும் அந்த உருக்காலைதான். ஆலைக்காரர்கள் தங்கள் பெயரை டிவியைவிடப் பெரிய போர்டில் எழுதி மாட்டிவிட்டு, சால்வை போர்த்திக்கொண்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கேபிள் மாட்ட டிவியில் இரண்டு துளைகள் இருந்தன. முதல் துளையில் பாடம் ஒழுங்காக வந்தது. மறுவாரமே யாரோ கேபிளைத் தலைகீழாகத் திணித்து அதைக் கெடுத்தார்கள். ஏஞ்சலின் டீச்சர் இரண்டாவது துளையில் மாட்டியபோது, பூவின் பாகங்கள் வரவேண்டிய இடத்தில் உலை எரிந்தது. பழுதுபார்க்க வந்தவர் கேபிளையும் மாற்றினார், லேப்டாப்பையும் மாற்றிப் பார்த்தார். உலை இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டீச்சர் சாக்பீஸுக்கே திரும்பினார். ஆனால் டிவியை அணைக்கப் பிள்ளைகள் விடவில்லை. பாதிப்பேரின் அப்பாக்கள் அங்கே ஒப்பந்தக் கூலிகள். உருகுநிலைப் பாடத்தை அதைக் காட்டியே நடத்தினார், தேர்வில் அந்தக் கேள்வியில் ஒருவரும் மதிப்பெண் இழக்கவில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அப்பாக்கள் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சோனியாவின் அப்பா லோகு, எங்கிருந்து பார்க்கிறாள் என்று தெரியாததால், நாலு திசைக்கும் கையாட்டுவான். ஒருநாள் சூப்பர்வைசர் ஓர் அப்பாவைக் கன்னத்தில் அறைந்ததையும் அவர் பிள்ளை பார்த்தது. அன்று அந்த வீட்டில் இருவரும் முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

ஒப்பந்தக்காரருக்குத் தலைக்கணக்குதான் முக்கியம், தலை யாருடையது என்பதல்ல. அதனால் லோகுவுக்கும் அவனோடு வேலை பார்த்த தணிகைவேலுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கிறிஸ்துமஸுக்கு லோகுவின் கேட் பாஸில் தணிகைவேல் உள்ளே போவான். ஆடிக் கிருத்திகைக்கு இவன் காவடி தூக்கத் திருத்தணி போனால், இவன் பாஸில் லோகு போவான். ஆறு வருஷமாக இரண்டு சாமிகளும் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஏழாவது வருஷம், கிருத்திகைக்கு மறுநாள், தணிகைவேல் இன்னும் திரும்பியிருக்கவில்லை. காலை பதினொன்று பத்துக்கு உலை மேடையின் தகடு பெயர்ந்து லோகு உலைக்குள் போனான். டிவியில் சத்தம் வருவதில்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பார்த்தார்கள். சோனியா மட்டும் குனிந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பு அமைதியானதால் நிமிர்ந்தாள்.

"டீச்சர், எங்க நைனா எங்க போச்சி?" என்று கேட்டாள்.

எரிக்கவோ புதைக்கவோ ஒன்றும் மிஞ்சவில்லை. கழுத்தில் தொங்கிய பாஸும் போய்விட்டது. லோகு அன்று உள்ளே வரவே இல்லை என்றது ஆலை. பதிவேட்டில் இருந்தது தணிகைவேல். தணிகைவேலோ மொட்டைத் தலையும் சந்தனமுமாக உயிரோடு நின்றான். அன்று வேலையில் இருந்தது தான்தான் என்று அவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டுவிட்டான், வெட்கங்கெட்டவன். அவனுக்கும் இரண்டு பிள்ளைகள். அவன் பாஸ் தொலைந்துவிட்டதால், சும்மா கிடந்த லோகுவின் பாஸைக் கொடுத்து அவனை உள்ளே விட்டார்கள். ஆகவே அன்றிலிருந்து ஆலைக் கணக்கில் லோகு ஒருநாள்கூட லீவு போட்டதில்லை.

லோகுவின் மனைவி ஆரோக்கியமேரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவன் அங்கேதான் செத்தான் என்று ஆலை ஒரு தாளில் எழுதித்தர வேண்டும். அலுவலகம் அலுவலகமாக ஏறினாள். பன்னிரண்டாம் நாள் ஒரு விசாரணை அதிகாரி அவளையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கே வந்தார். பிள்ளைகள் சொன்னதையெல்லாம் கேட்டு, சாட்சி சொல்ல வயது வராதவர்கள் என்று எழுதிக்கொண்டார். பிறகு டிவியைப் போடச் சொன்னார். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று பன்னிரண்டு நாளாக அந்த வகுப்புக்குத் தெரியும். ஏஞ்சலின் டீச்சர் கேபிளை மாட்டினார். உலையடியில் லோகு இரும்புத்துண்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தான், தணிகைவேலின் பாஸ் கழுத்தில் ஆட. ஆலைக்குள் இருந்தவர்களைக் கேட்டால் அந்த இடத்தில் யாரும் இல்லை என்றார்கள். டிவியில் இருந்தான்.

அதிகாரிக்கு வேலை சுலபமாகிவிட்டது. "பாரும்மா, உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே வேலை பாத்துட்டிருக்கார்" என்றார்.

ஆரோக்கியமேரி திரையைப் பார்த்தாள். அழவில்லை. "சரி சார். வேலைல கீறாருன்னே எழுதிக்கோங்க. ஷிப்டு முடிஞ்சா ஊட்டுக்கு மட்டும் அனுப்பி வுட்ருங்க" என்றாள்.

அதை எழுத அவருடைய படிவத்தில் இடமில்லை.

இது நடந்து நான்கு வருஷமாகிறது. உலைக்குப் புது மேடை போட்டுவிட்டார்கள். லோகு மட்டும் பழைய மேடையில், இல்லாத தகட்டின் மேல் நிற்கிறான். உட்காருவதில்லை, சாப்பிடுவதில்லை, கையாட்டுவதில்லை. ஆண்டு விழாவில் ஆலை மேலாளர் அவனைத் திரையில் காட்டி, உழைப்பென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேசினார். பெற்றோர் கை தட்டினார்கள். தட்டாமல் என்ன செய்வார்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டுமே. கல்லறைத் திருநாளுக்கு ஆரோக்கியமேரி மெழுகுவர்த்தி வாங்குகிறாள், ஏற்றக் கல்லறை இல்லாததால் பள்ளிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். புதிதாக வந்த பிள்ளைகள் அவளுக்கு வழிவிட்டுத் தள்ளி அமர்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

தந்தையில்லாப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு, மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்துவிட்ட சோனியா இந்த ஆண்டும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஏஞ்சலின் டீச்சரிடம் வந்தாள். இறப்புச் சான்று கேட்ட கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. டீச்சர் ஜன்னல் வழியாக ஏழாம் வகுப்பை எட்டிப் பார்த்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. சோனியா பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு, தந்தையின் பெயர் லோகு, தொழில் கூலி, தற்போது பணியில் என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். டீச்சர் சரிபார்த்து முத்திரை குத்தினார்.