சிவப்புக் கயிறு

எங்கள் சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளைக்கு நேர் எதிரே, நாலு படி உயரத்தில், மேற்பார்வையாளருக்கென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதில் விசில் இருந்தார். இப்போது நான் இருக்கிறேன்.

விசில் என்பது நாங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர். உருளைக்கு மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் இயந்திரம் சட்டென்று நின்றுவிடும். ஆனால் இழுத்தவளை அவர் விசிலடித்துக் கூப்பிட்டு, வேலை முடியும்வரை சுவரோரம் நிற்கவைப்பார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அந்த விசில் அறைச் சுவரின் ஆணியிலேயே தொங்குகிறது. கழற்ற எனக்குக் கை வரவில்லை. யாரும் ஊதாமலேயே சில பகல்களில் அது என் காதுக்குள் கேட்கும்.

எனக்குப் பதவி கொடுத்ததும் தலைமைப் பயிற்சி என்று மூன்று நாள் உட்காரவைத்தார்கள். அதட்டுகிற தலைவர், கலந்து பேசுகிற தலைவர், தானே முன்னால் இறங்குகிற தலைவர் என்று பயிற்சியாளர் வகை பிரித்தார். நான் கலந்து பேசுகிறவளாம், இருபதுக்குப் பதினெட்டு. தலைகால் புரியாமல் திரும்பி வந்து, தினமும் காலையில், "பயப்படாம கயித்தை இழுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று தேனொழுகப் பேசினேன். ஒருத்தியும் இழுக்கவில்லை. வேண்டுமென்றே என்னை மதிக்காமல் இருக்கிறார்கள் என்று உள்ளுக்குள் பொருமினேன்.

இன்று காலை, புதிதாகச் சேர்ந்தவளின் சட்டைக் கை விரிப்போடு சேர்ந்து உருளைக்குள் போனது. பக்கத்தில் மறுமுனையைப் பிடித்திருந்தவள் ஒட்டடைக்குச்சி. பேருக்கேற்ற உயரம், கயிறு அவள் நெற்றியில் இடிக்கும். அவள் அதைத் தொடவில்லை. நிமிர்ந்து கண்ணாடி அறையைப் பார்த்தாள்.

அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் நீராவி படியும்போதெல்லாம் ஆறு வருஷமாக நான் பார்க்கிற முகம். என் முகம்.

அறையிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன். துணி கிழிந்ததோடு போயிற்று, கை தப்பியது. படியிறங்கி ஓடினேன்.

"ஏண்டி இழுக்கல? மரமாட்டம் நிக்கிற!"

"கயிறு சமயத்துல காலை வாரிடும்னு எல்லாருக்கும் தெரியுமேக்கா," என்றாள் ஒட்டடைக்குச்சி. "அன்னைக்கு உங்களுக்கே சிக்கிக்கிச்சுல்ல?"

என் கண் ஓரத்து மேசைப் பக்கம் போனது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்கு என் பக்கத்தில் நின்றவள் சிட்டு, என் நாத்தனார். நான்தான் அவளை இந்த வேலைக்குக் கூட்டி வந்தேன். அவள் விரல்கள் உருளைக்குள் போனபோது கயிறு என் தலைக்கு மேலேதான் இருந்தது. நான் முதலில் மேலே அறையிலிருந்த விசிலைப் பார்த்தேன். ஒரு மூச்சு நேரம். பிறகுதான் இழுத்தேன். விசாரணையிலும் சரி, வீட்டில் அவள் அண்ணனிடமும் சரி, கயிறு சிக்கிக்கொண்டது என்றே சொன்னேன். புதுக் கயிறு மாட்டினார்கள். என் பொய் மட்டும் பழையபடியே தொங்கியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், என்னுடையது விசிலடித்தது.

சிட்டு ஓரத்து மேசையில், வலது கையில் மிச்சமிருக்கும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வைத்துத் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் என் வேலை போகும். அது போனால் போகட்டும், சாயங்காலம் அவளோடு ஒரே வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே. சொல்லாவிட்டால் இன்னொருத்தியின் கை போகும்.

"கயிறு சிக்கல," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அன்னைக்கு கயிறு சிக்கவே இல்ல. விசிலுக்குப் பயந்துகிட்டு நான்தான் மேல பார்த்துட்டு நின்னேன். பழியைத் தூக்கி கயித்து மேல போட்டுட்டேன்."

சிட்டு துண்டை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"தெரியும் அண்ணி," என்றாள். "அப்போ நான் உங்க கண்ணைத்தானே பார்த்துட்டு இருந்தேன்."

பிறகு அவளே, "போய் மிஷினைப் போடுங்க" என்றாள்.

படியேறிப் போய்ப் போட்டேன். உருளை சுழலத் தொடங்கியது. ஆறு வருஷமாக அந்தப் பக்கமே வராதவள் அதன் முன்னால் நின்று, இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். உருளை நின்றது.

கயிற்றை விடாமல், திறந்திருந்த கதவு வழியாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவு லேசாவா அண்ணி இருந்துச்சு?"