இரண்டு ஊமைக் கேபிள்கள்

பாக்தாதில் அன்று மின்சாரம் இரண்டு மணிக்குப் போகும். லைத் ஜோர்டானின் அம்மான் நகருக்கு ஏறவேண்டிய வண்டியும் இரண்டு மணிக்குத்தான். சர்மத்துக்கு இரண்டின் மேலும் ஒரே எரிச்சல்.

மணி ஒன்று. பழைய கேம் பெட்டி போன மாதம் மண்டையைப் போட்டுவிட்டதால், அதன் இரண்டு கண்ட்ரோலர்களையும் கணினியில் பிரிண்டர் செருகும் இடத்தில் மாட்ட சர்மத் இரண்டு கேபிள்கள் பற்றவைத்திருந்தான். இரண்டும் ஊமை. பெரியப்பா மகன் லைத்தோடு பத்து வருடமாக ஆடும் கால்பந்து ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தெட்டு என்று சமனில் நிற்கிறது. அதைத் தீர்க்க இன்று ஒருநாள்தான்.

"கீபோர்டுலயே ஆடிடலாமாடா?"

"கீபோர்டுல ஆடறதெல்லாம் ஒரு ஆட்டமா? கணக்குலயே சேராது," என்றான் லைத். வழிக்கென்று அம்மா கட்டிக்கொடுத்த பேரீச்சை வைத்த கிளேச்சா பிஸ்கட்டுகளை இப்போதே தின்று தீர்த்துக்கொண்டிருந்தான். "எஞ்சினியர்னு ஊரெல்லாம் பீத்திக்கிற இல்ல, சரி பண்ணு."

சர்மத் மீட்டரை வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டான். ஒன்பது கம்பிக்கும் மீட்டர் ஒழுங்காகக் கத்தியது. ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தான். திரையில் ஒரு பொத்தான்கூட அசையவில்லை. போகிறவனுக்கு என்ன, கையை வீசிக்கொண்டு போய்விடுவான். இருக்கிறவன்தான் இந்த அறையில் தனியாக உட்கார வேண்டும். அதை நினைத்துக்கொண்டே பற்றவைத்ததில் பற்றவைக்கும் கோல் விரலைச் சுட்டது.

"டேய், இந்தப் படத்தை நீதானே புத்தகத்தைப் பார்த்து வரைஞ்ச?" கம்பி வரிசை வரைந்திருந்த சிகரெட் அட்டையை சர்மத் நீட்டினான். "ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எந்தப் பக்கத்துலேருந்து போட்ட?"

"எப்பவும் அரபி எழுதற பக்கத்துலேருந்துதான். வலதுலேருந்து."

"கழுதை! அது இங்கிலீஷ் புத்தகம்டா. நம்பர் இடதுலேருந்து ஓடும். ஒன்பது கம்பியும் தலைகீழ்!"

"அதைப் பார்க்காம பற்றவச்ச நீ குதிரையா?"

ஒரு கேபிளை மாற்றி முடிக்கவே ஒன்று நாற்பது. திரையில் பொத்தான்கள் பச்சையாக மின்னின. இன்னொன்றுக்கு நேரமில்லை. கண்ட்ரோலரை லைத்தின் மடியில் எறிந்துவிட்டு சர்மத் கீபோர்டை இழுத்துக்கொண்டான்.

மூன்றுக்கு இரண்டு என்று லைத் ஜெயித்தான். "ஐம்பத்தொன்பது!" என்று கட்டிலில் ஏறிக் குதித்தபோது திரை அணைந்தது. வாசலில் ஹாரன் அலறியது.

"எது ஐம்பத்தொன்பது?" என்றான் சர்மத். "நான் ஆடினது கீபோர்டுல. கணக்குல சேராதுன்னு நீதானே சொன்ன? இன்னும் சமன்தான்."

லைத் சண்டைக்கு வாயைத் திறந்தான். மறுபடி ஹாரன் அடித்தது. சரிசெய்யாத கேபிளை எடுத்துப் பைக்குள் திணித்தான்.

"இதை நான் சரி பண்ணி எடுத்துட்டு வரேன். இடதுலேருந்து எண்ணி."

வண்டி கிளம்பியதும், போனவன் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று பெரியம்மா கிண்ணத்துத் தண்ணீரை அதன் பின்னால் தெருவில் வீசினாள். அந்தப் புழுதியில் அது நனைத்தது ஒரு சாண் மண்ணைத்தான். சர்மத் உள்ளே ஓடி வாளியோடு வந்தான்.