பெயிண்ட்டைப் பற்றி மூச்சு விடாதே

முதல் அடி அண்ணியின் இடது காதில் விழுந்தது. இரண்டாவது அடி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. அதற்குள் நாற்காலியோடு சேர்ந்து தரையில் கிடந்தாள்.

“யாருடி அனுப்பினது?” என்றார் கோல்டு ஸ்டோரேஜ் மேனேஜர். சற்று முன்புவரை ‘மேடம், சர்க்கரை போதுமா?’ என்று விசாரித்துக்கொண்டிருந்த அதே வாய்.

“கோச்...”

“கோச்சா? அவன் எந்த கேங்?”

அண்ணிக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வரப் பார்த்தது. உதடு கிழிந்திருந்ததால் வரவில்லை.

அவள் ஒரு வேதியியல் ஆராய்ச்சியாளர். சுவரோடு அழுத்தி நிறுத்தப்பட்டிருந்த பெண் அவள் கணவனின் தங்கை. அதே லேபில் ஆராய்ச்சி மாணவி. வாய் நீளம் என்பதால் வீட்டிலும் லேபிலும் அவளுக்கு ‘வாலு’ என்றே பெயர். நாத்தனாரும் அண்ணியும் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து ஒரு பெயிண்ட் கண்டுபிடித்திருந்தார்கள். குளிர்பதனக் கிடங்குகளின் குளிரூட்டும் குழாய்களில் அதைப் பூசிவிட்டால் போதும், அமோனியா வாயு மயிரிழை அளவு கசிந்தாலும் அந்த இடம் மட்டும் மஞ்சளிலிருந்து கருநீலமாகிவிடும். அங்கேயே வேலை செய்கிறவர்களுக்கு நெடி பழகி மூக்கு மரத்துப்போகும். பெயிண்ட் மரத்துப்போகாது.

ஆய்வுக் கட்டுரை வந்தது, கைதட்டல் வந்தது. பெயிண்ட் மட்டும் லேப் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. இப்படித் தூங்கும் கண்டுபிடிப்புகளைத் தட்டி எழுப்பித் தெருவுக்குக் கொண்டுவர ஆராய்ச்சியாளர்களுக்குப் பல்கலைக்கழகம் ஒரு பயிற்சி வைத்தது. நடத்த வந்தவரைத்தான் எல்லோரும் ‘கோச்’ என்றார்கள். சொந்தக் கம்பெனி தொடங்கி, மண்ணைக் கவ்வி, மறுபடி தொடங்கியவர்.

“உங்க கண்டுபிடிப்பைப் பத்தி வெளியில மூச்சு விடக் கூடாது” என்றார் அவர். “சொன்னீங்கன்னா ‘ஆகா, பிரமாதம்’னு காபி கொடுத்து அனுப்பிடுவாங்க. ஒருத்தனும் வாங்க மாட்டான். அதனால கேளுங்க. கடைசியா எப்போ பிரச்சினை வந்தது? அப்போ யார் இருந்தா? என்ன பண்ணீங்க? அவங்களுக்கு எங்கே வலிக்குதுன்னு தெரியற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருங்க.”

“லாக்கப்புலயும் இப்படித்தான் கேப்பாங்க, அண்ணி” என்று வாலு காதைக் கடித்தாள்.

அண்ணி அவள் தொடையைக் கிள்ளினாள். கிள்ளாமல் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இன்று மதியம் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த இந்த மீன் கிடங்குக்கு வந்தார்கள். லாரி வராத நாள் என்பதால் ஆள் நடமாட்டம் இல்லை. மேனேஜரின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒரு நீண்ட நடை, அதில் வரிசையாக ஸ்டீல் கதவுகள், கதவுக்குக் கதவு பூட்டு. காபி வந்தது. அண்ணி, சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தாள்.

“கடைசியா எப்போ சார் கேஸ் லீக் ஆச்சு?”

மேனேஜர் காபியைக் கீழே வைத்தார்.

“அப்போ உள்ளே யார் இருந்தா?”

அவர் கண் நாலாம் நம்பர் கதவுக்குப் போய்த் திரும்பியது. அண்ணிக்குப் புல்லரித்தது. வலி எங்கே என்று கண்டுபிடித்துவிட்டோம்! கோச் சொன்னது அச்சு அசலாக நடக்கிறது! ஆர்வத்தில் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டாள்:

“அந்த ஆளுக்கு என்ன ஆச்சு சார்?”

அப்போதுதான் அடி விழுந்தது.

“இன்சூரன்ஸா? போலீஸா? இல்ல, அவன் பொண்டாட்டி ஏவிவிட்டாளா?”

“எவன் பொண்டாட்டி சார்?”

“நடிக்காதே!”

மேஜை மேல் கிடந்த பைப் ரெஞ்சை எடுத்தார். தரையில் ஊன்றியிருந்த அவள் வலது கை மேல் இறக்கினார். சுள்ளி ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அது தன் விரல்தான் என்று அண்ணிக்குப் புரிவதற்குள் தொண்டை தானாக அலறியது.

“ஐயோ, நாங்க பெயிண்ட் கண்டுபிடிச்சவங்க சார்!” வாலு திமிறினாள். அவளைப் பிடித்திருந்தவன் லோடு ஏற்றுகிறவன். வாசல்நிலை அளவு உடம்பு. மேனேஜர் அவனைத் ‘தடியா’ என்றுதான் கூப்பிட்டார்.

“பெயிண்ட்டா?” மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். “பெயிண்ட் விக்க வந்தவ நுழைஞ்சதும் டப்பாவைத் தானே காட்டுவா? இவ்வளவு நேரத்துல பெயிண்ட்னு ஒரு வார்த்தை பேசினியா? நெத்தியில கேனயன்னு எழுதி ஒட்டியிருக்கா எனக்கு?”

அண்ணிக்கே தோன்றியது: மனிதர் சொல்வது நியாயம்.

“சொல்லக் கூடாதுன்னு... சொல்லிக் கொடுத்தாங்க...”

“யாரு?”

“கோச்.”

“மறுபடியும் கோச்!” இரண்டு பேருடைய செல்போன்களையும் பிடுங்கிப் பூட்ஸ் காலால் நசுக்கினார். “தடியா, சின்னவளை நாலாம் நம்பர்ல தள்ளு. பெரியவ வாயைத் திறக்கிற வரைக்கும் உள்ளேயே கிடக்கட்டும்.”

தடியன் நகரவில்லை. “நாலா சார்? மூணுல போடலாமே.”

“மூணுல ஐஸ்கிரீம் இருக்கு. சொன்னதைச் செய்டா.”

வாலு அவன் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. அவன் கையை உதறக்கூட இல்லை. மூட்டையைப் போல அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தான். மேனேஜர் நாலாம் நம்பரின் பூட்டைத் திறந்தார். மெல்லிய பருத்திச் சட்டையோடு அவள் வெள்ளைப் புகைக்குள் மறைந்தாள். கதவு சாத்தப்பட்டது. மேனேஜர் பூட்டைப் போட்டுச் சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

உள்ளே மைனஸ் இருபது டிகிரி. அண்ணிக்கு அது வெறும் எண் இல்லை. முதலில் விரல் நுனி, அப்புறம் நடுக்கம், அப்புறம் நடுக்கம் நிற்கும். நடுக்கம் நிற்பதுதான் ஆபத்து.

“உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி இருக்கும்ல... இருக்கும்ல சார்?”

“கழட்டியாச்சு. உள்ளே ஒளிஞ்சு மீன் திருடுறானுங்க.”

அவள் முழங்காலால் நடையை நோக்கி ஊர்ந்தாள். மேனேஜர் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து இழுத்துவந்து நாலாம் நம்பர் எதிரே போட்டார். “இங்கேயே உக்காந்து கேளு. அப்போதான் ஞாபகம் வரும்.”

தட். தட். தட். தடித்த கதவு என்பதால் சத்தம் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பிறகு ஓர் அலறல். குளிருக்கு யாரும் அப்படி அலற மாட்டார்கள்.

“அண்ணி! இங்கே ஒரு ஆள்... பெட்டிக்குப் பின்னாடி... செத்துக் கிடக்கான் அண்ணி!”

யாருடைய பொண்டாட்டி என்று அண்ணிக்கு இப்போது விளங்கியது.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். “ஆபரேட்டர் வேலையை விட்டு ஓடிட்டான்னு அவ வீட்டுல சொல்லி, ஒரு வழியா நம்ப வச்சிருந்தேன். இப்போ பார்த்துட்டீங்க. நீங்க யாரா இருந்தா என்ன? ரெண்டு பேருமே வெளியே போக முடியாது.”

இனி உண்மையைச் சொன்னாலும் பயனில்லை. வாலு உள்ளே உறைந்துகொண்டிருக்கிறாள். சாவி இந்த ஆளின் பாக்கெட்டில். தனக்கு இருப்பதோ ஒரு கை.

தட். தட்.

ஒவ்வொரு தட்டலுக்கும் ஏதோ ஒன்று அசைவதை அண்ணி கவனித்தாள். தடியனின் தோள். சாட்டை பட்ட மாடு மாதிரி அது துடித்துக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து தப்பான ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது.

“அண்ணே” என்றாள், வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு. “அவரும் இப்படித்தான் தட்டினாரா?”

“வாயை மூடு!” மேனேஜரின் பூட்ஸ் விலாவில் இறங்கியது. மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பியதும் மறுபடி கேட்டாள்.

“அப்போ நீங்க எங்கே நின்னீங்க, அண்ணே?”

“இங்கேதான்” என்றான் தடியன். இதுவரை யாரும் அவனைக் கேட்டதே இல்லை போல, குரல் துருப்பிடித்து வந்தது.

“கதவை யார் பூட்டினது?”

“நான்தான். ஆபரேட்டர் உள்ளே குழாய் பார்த்துக்கிட்டிருந்தான். குப்புன்னு கேஸ் வந்துடுச்சு. நெடி பரவினா மத்த ரூம் சரக்கெல்லாம் பாழாயிடும், லாரி வந்து நிக்குது, பூட்டுன்னாரு சார். அவன் அந்தப் பக்கமா வெளியே வந்துட்டான்னு சொன்னாரு.”

“அந்தப் பக்கம் வழி இருக்கா?”

தடியன் கதவைப் பார்த்தான். அந்த ரூமுக்கு அது ஒன்றுதான் வழி. தினமும் பெட்டி அடுக்குகிறவனுக்கு அது தெரியாதா?

“எவ்வளவு நேரம் தட்டினாரு, அண்ணே?”

“லோடு ஏத்தி முடியற வரைக்கும்.”

“டேய், அவ உன் வாயைப் பிடுங்குறாடா, முட்டாளே!” மேனேஜர் கத்தினார். “பூட்டினது நீ. மாட்டினா தூக்குல தொங்கப்போறதும் நீதான்!”

அப்போது தட்டல் நின்றது.

மூன்று பேரும் கதவைப் பார்த்தார்கள். கம்ப்ரசரின் உறுமல் மட்டும் கேட்டது. அண்ணி வாலுவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பதில் இல்லை.

“சாவியைக் கொடுங்க சார்” என்றான் தடியன்.

“போய் வேலையைப் பாரு.”

“சாவி சார்.”

மேனேஜர் பாக்கெட் பக்கம் கையைக் கொண்டுபோனார். ஆனால் உயர்ந்தது ரெஞ்சு. தடியனின் நெற்றியில் முழு வீச்சில் மோதியது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பான். இவன் ஒரு அடி பின்வாங்கினான், முகத்தைத் துடைத்துக்கொண்டான், திரும்ப வந்தான். இரண்டாவது வீச்சைக் கையாலேயே பிடித்தான். ரெஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேனேஜரைக் கழுத்தோடு தூக்கி நாலாம் நம்பர் கதவில் மோதினான். ஸ்டீல் அதிர்ந்தது. மறுபடி மோதினான். பல் ஒன்று தெறித்து உருண்டது. அப்புறம் இரண்டு கையும் தொண்டையை நெரிக்க ஆரம்பித்தன.

“அண்ணே, சாவி! முதல்ல சாவி!”

அவன் காதில் எதுவும் விழவில்லை. அண்ணி ஊர்ந்து போனாள். தரைக்கு எட்டாமல் உதைத்துக்கொண்டிருந்த கால்களுக்கு நடுவே இடது கையை நுழைத்துப் பாக்கெட்டைத் தேடினாள். ஒரு முழங்கால் வந்து ஒடிந்த விரல்களில் இடித்தது. கண் இருட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். சாவி கைக்கு வந்தது. பூட்டில் பனி படிந்திருந்தது. இடது கைக்குப் பழக்கமில்லாத வேலை. சாவி நழுவியது. மறுபடி எடுத்தாள். இந்த முறை திரும்பியது.

கதவை இழுத்தாள். அசையவில்லை.

எப்படி அசையும்? அது வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. அதில்தான் மேனேஜரை அறைந்து நிறுத்தி, தன் முழு கனத்தையும் சாய்த்து நெரித்துக்கொண்டிருக்கிறான் தடியன்.

அவன் தோளில் குத்தினாள், சட்டையை இழுத்தாள். பாறையை இழுத்தது போலத்தான். மேனேஜரின் முகம் ஊதா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் விட்டால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் வாலுவிடம் இல்லை.

எட்டி அவன் காதைப் பிடித்துத் தன் வாய்க்கு இழுத்தாள்.

“அண்ணே! கதவைப் பாருங்க. நீங்கதான் மூடி வச்சிருக்கீங்க. மறுபடியும் நீங்கதான் மூடி வச்சிருக்கீங்க!”

கைகள் தளர்ந்தன. மேனேஜர் ஈரத்துணி போலச் சரிந்தார். தடியன் அவரைக் காலால் புரட்டித் தள்ளிவிட்டுக் கதவைப் பிடித்து இழுத்தான்.

வாசலிலேயே சுருண்டு கிடந்தாள் வாலு. அவள் மேல் அவளை மூன்று முறை சுற்றலாம் போன்ற ஒரு பழைய குளிர்க் கோட்டு. உதடு நீலம். புருவத்தில் பனி. அண்ணி கன்னத்தில் பளார் என்று வைத்தாள். மறுபடி வைத்தாள்.

“அடிக்காதீங்க” என்றது கோட்டுக்குள்ளேயிருந்து ஒரு முனகல். “எங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்.”

அண்ணி அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தடியன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “அது என்னோடது. செத்த அப்புறமும் அவன் கண்ணு திறந்தபடி இருந்துச்சு. மூடப் போட்டேன்.”

தரையில் மேனேஜர் இருமிக்கொண்டே வாசல் பக்கம் நகரப் பார்த்தார். தடியன் ரெஞ்சைத் தேடி எடுத்தான். அவர் முழங்காலில் ஒரே ஒரு முறை இறக்கினான். வேலையில் மிச்சம் வைக்காதவனின் அடி. “ஓடாம இருக்கட்டும்” என்றான், அண்ணியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல. மேனேஜரின் அலறல் தகரக் கூரையில் முட்டி எதிரொலித்தது. பிறகு தடியன் மேஜை மேலிருந்த ஆபீஸ் போனை எடுத்துவந்து அண்ணியின் மடியில் வைத்தான். “போலீஸைக் கூப்பிடுங்க. என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க.”

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கிடங்கின் சிமெண்ட் மேடையில் வாலு உட்கார்ந்திருந்தாள். இடது கை விரல்களில் இரண்டு மெழுகுபோல வெளுத்திருந்தன. அண்ணி அவற்றைத் தன் அக்குளில் வைத்து இறுக்கியிருந்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொல்லவா?”

“பேசாதே. மூச்சு விடு.”

“நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா, அந்த ஆளு கேஸ் கசிஞ்சதால சாகலை. பூட்டினதால செத்தான்.” பல் கடகடத்தது. “நம்ம பெயிண்ட் அடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்னும் சீக்கிரமா தெரிஞ்சிருக்கும். இன்னும் சீக்கிரமா பூட்டியிருப்பானுங்க.”

இத்தனை வருட உழைப்பு, பரிசோதனை, கைதட்டல் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் வாயடைத்து நின்றன.

கிடங்குக்குள்ளிருந்து தடியன் வந்தான். முகமெல்லாம் ரத்தம் உறைந்திருந்தது. குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஆபரேட்டரை ஏந்தியிருந்தான். மேடையில் வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்துக் கிடத்தினான். உறைந்து மடங்கியிருந்த கைகளை நேராக்கப் பார்த்தான், முடியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

தூரத்தில் சைரன் கேட்டது.

“அவன் வீட்டுக்கு நீங்க யாரும் சொல்ல வேண்டாம்” என்றான். “போலீஸ்கிட்ட கேட்டுக்கிட்டு, நானே போய்ச் சொல்றேன்.”