தோரெசாலின் வெற்றுவாயில்

கதிரவன் எழுந்தும் எழாதவனாய்ப் பனித்திரைக்குள் ஒதுங்கிக் கிடக்க, தேம்சு ஆற்றுப் பக்கமிருந்து புறப்பட்ட ஈரக்காற்று அப்டன் பார்க்கின் செங்கல் வீட்டு வரிசைகளைத் தடவி, கிறீன் வீதிக் கடைவாயில்களில் அப்போதுதான் இறக்கப்பட்ட முருங்கைக்காயின் மணத்தைச் சற்றே ஏந்தி, வடக்கே வான்ஸ்டெட் புல்வெளியில் சென்று அடங்கிய ஐப்பசித் திங்களின் ஒரு ஞாயிற்றுக் காலையை, கற்றறிந்தோரே, மனக்கண்ணில் நிறுத்திக்கொள்வீராக. ஆண்டு ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்று. அவ்வெளியில் மஞ்சட் சட்டை அணிந்த பத்துப்பேர் கால்பந்தாடக் காத்து நின்றனர். பதினோராமவனாகிய கஸ்பரோ, தான் காக்கவேண்டிய கோல் வாயிலுக்குள் செல்லாமல் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றான். நடுவரின் ஊதல் ஒலிக்கும்வரை அவ்வாயிலில் எவரும் நிற்கலாகாது என்பது அவர்கள் வழக்கம். எதிரணியினர் அதைப் பித்தென்று எண்ணிச் சிரித்தனர்.

அவ்வழக்கம் வந்த வழியைச் சொல்வேன். கஸ்பரும் அவன் தோழரும் மன்னார்க் கரையிலிருந்து ஏதிலிகளாய் வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் அமைத்த கழகத்துக்கு ஆட்டமிருந்தது, ஆர்வமிருந்தது, உடுக்க ஒரேநிறச் சட்டை மட்டும் இல்லை. அக்குறை தீர்த்தவர், அவர்கள் பூசை காணும் கோவிலில் மெழுகுதிரி ஏற்றும் பணிபுரிந்த எவுசேபியோ என்னும் எசுப்பானிய முதியவர். அவர் பிறந்த ஊர் தோரெசால். அச்சிற்றூரின் கழகம், உப்பளத் தொழிலாளர் கோதுமை அடிக்கும் களத்தில் பந்துதைத்துத் தொடங்கியது. மலையூர்க் கழகங்களையெல்லாம் மண்கவ்வ வைத்துப் பெயர்பெற்றிருந்த நாளில், அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே எஸ்தெபான் என்னும் வாயில்காவலனைப் படையினர் அழைத்துச் சென்றனர். 'நான் வரும்வரை வாயிலைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் போனவன் மீளவில்லை. அன்றுமுதல் ஊதல் ஒலிக்கும்வரை தோரெசாலின் வாயில் அவனுக்கென்றே வெறிதாய்க் கிடந்தது. அக்கழகத்தின் அந்துருண்டை மணக்கும் மஞ்சட் சட்டைகளை எடுத்துக் கொடுத்தபோது முதியவர் இவ்வளவே சொன்னார்.

கேட்ட இளைஞர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஊரில் அவர்களுடைய காவலனாயிருந்த செபமாலைமுத்துவும் சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரைத் திடலிலிருந்தே படையினரால் கொண்டுசெல்லப்பட்டவன். அவன் கஸ்பரின் தங்கை அருள்மலரை மணந்தவன். ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்காதது போல, மீதிக் கதை என்னவென்று கேளாமலே அவ்வழக்கத்தைத் தமதாக்கிக்கொண்டனர்.

முதலில் அது அன்பாகவே இருந்தது. நாள் செல்லச் செல்லக் கஸ்பருக்கு அவ்வாயில் அச்சந்தரும் இடமாயிற்று. உள்ளே நுழைகையில், முன்னரே நிற்கும் ஒருவனை விலக்கிக்கொண்டு நுழைவதாக உணர்ந்தான். காற்றில்லா வேளையில் முதுகுப்புறத்து வலை அசைந்தது. பந்து வரும்போது, 'மச்சான், இடப்பக்கம்!' என்ற பழகிய குரல் காதருகே கேட்க, இடப்பக்கம் பாய்வான். பந்தோ வலப்பக்கமாகப் புகுந்துவிடும்.

"என்ன அண்ணை, ரெண்டுபேர் நிண்டு காத்தும் கோல் விழுதே!" என்று ஒருவன் விளையாட்டாய்ச் சொன்னான். சிரித்தவர் ஒருவருமில்லை. அப்படியாயின் அவர்களும் கண்டிருக்கிறார்கள் என்று கஸ்பர் அறிந்தான்.

அருள்மலர் ஞாயிறுதோறும் வந்து வாயிலின் பின்னே நின்றாள். அவள் பார்க்க வந்தது ஆட்டத்தையன்று. ஊதலுக்கு முந்திய வெறுமையை. மாதந்தோறும், உயிரோடிருப்போர்க்குச் செய்வதுபோல், கணவனின் சுகத்துக்கென்று பூசை ஒப்புக்கொடுத்து வந்தவள், அந்த ஐப்பசி ஞாயிறன்று ஆட்டம் முடிந்ததும் அண்ணனருகே வந்தாள்.

"அண்ணை, ஆத்துமாக்கள் திருநாள் வருது. ஃபாதர் கேட்டவர், பூசை சுகத்துக்கோ, ஆத்தும இளைப்பாற்றிக்கோ எண்டு. நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

"நான் என்னெண்டு சொல்லுறது, பிள்ளை? அவன் செத்ததைக் கண்டவை ஒருத்தரும் இல்லை."

"உயிரோடை கண்டவையும் இல்லையே."

இளைப்பாற்றிக்கென்றால் கஸ்பர் மைத்துனனைத் தன் நாவாலேயே கொன்றவனாவான். சுகத்துக்கென்றால் தங்கையை உயிரோடு புதைத்தவனாவான். "இந்த வருசம் விடு, பிறகு பாப்பம்" என்று சொல்லித் தப்பினான். தப்பியது நாவே, நெஞ்சு தப்பவில்லை.

அன்று மாலை எவுசேபியோவிடம் சென்றான். இருவர்க்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில், "உங்கள் ஊர் வாயில் பின்னர் என்னவாயிற்று?" என்று வினவினான்.

முதியவர் கையிலிருந்த திரிகளைக் கீழே வைத்தார். "எஸ்தெபானின் தாய் சாகும்வரை வாயிலின் பின்னே நாற்காலியிட்டு அமர்ந்திருந்தாள். அவனுக்கென ஒரு பூசை ஒப்புக்கொடுக்க ஊரில் எவரும் துணியவில்லை. அங்கே நிற்க இளைஞர் அஞ்சினர். கடைசியாக நின்றவன் நான். அங்கே நாங்கள் இருவர் நின்றோம், ஐயா. ஒருநாள் நான் ஓடிவந்துவிட்டேன். எங்கள் கழகத்தைக் கலைத்தது தோல்வியன்று, அந்த வாயிலே" என்றார். பின்னர்க் கஸ்பரின் கையைப் பற்றினார். "இறந்தோர் நடுவே அவன் பெயரை நீர் சொல்லும். தோரெசாலில் பிறந்தவன் சொன்னால் அது காட்டிக்கொடுத்தலாகும். நீர் அயலவர், உம்மைப் பழி சேராது."

இறந்தோரை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளன்று கோவில் நிறைந்திருந்தது. ஒவ்வொருவரும் திரியேந்தித் தம் இறந்தோரின் பெயரை உரக்கச் சொல்வது அவ்விடத்து வழக்கம். தன் முறை வந்ததும் கஸ்பர், முதியவர் வேண்டியபடி, "எஸ்தெபான்" என்றான். தூணருகே நின்ற முதியவர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். கடமை முடிந்ததென்று கஸ்பர் மூச்சுவிட்ட அக்கணத்தில், அருகிலிருந்து, உணவுக்கு அழைப்பதுபோல் இயல்பாய், தெளிவாய் ஒரு குரல் எழுந்தது.

"செபமாலைமுத்து."

அருள்மலர்தான். கூட்டம் மறுமொழியாக இளைப்பாற்றி வேண்டிற்று. திகைத்துத் திரும்பிய தமையனிடம் அவள் மெல்லச் சொன்னாள்: "ஆரோ பெத்த பிள்ளைக்கு நீங்கள் சொல்லலாமெண்டா, என்ரை மனிசனுக்கு நான் சொல்லக்கூடாதோ, அண்ணை?"

அடுத்த ஞாயிறு, ஊதல் ஒலிக்குமுன்னரே கஸ்பர் வாயிலுக்குள் சென்று நின்றான். தோழர் தத்தம் இடங்களில் சென்று நின்றனர். பின்புறம் அருள்மலர் இல்லை. வலை அசையவில்லை. முதற்பந்து வலப்பக்கமாய் வந்தது. எக்குரலும் கேளாமையால் வலப்பக்கமே பாய்ந்து பிடித்தான். தோழர் ஆர்ப்பரித்தனர். அவனோ, 'பார்த்தாயா மச்சான்?' என்று கேட்கத் திரும்பினான். இரண்டு கம்பங்களும் அவற்றின் நடுவே ஈரப்புல்லும் மட்டுமே இருந்தன. அக்குரல் வந்தபோது அஞ்சியவன், வாராதபோதுதான் அழுதான்.

இல்லாதவர்க்கென்று நாம் காக்கும் இடம், காலப்போக்கில் இருப்பவர் இடத்தையும் கேட்கும். கொடுப்பதும் அன்பே, மறுப்பதும் அன்பே, இரண்டும் நோவே. தோரெசால் காத்துக் காத்து அழிந்தது. கஸ்பரின் கழகம் கைவிட்டுப் பிழைத்தது. இவற்றுள் எது நன்றென்று அவனைக் கேட்பீராயின், கற்றறிந்தோரே, அவன் பந்து பிடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீண்டும் வாயிலில் போய் நிற்பான்.