ஒன்றாம் கதவுக்குப் பின்னால்

ஈஸ்டர் விடுமுறை நான்கு நாளும் முடிந்து, செவ்வாய்க்கிழமை காலை எங்கள் மீன்கூடத்தைத் திறந்தபோது வாசலிலேயே அழுகல் நாற்றம் அடித்தது. ஒன்றாம் குளிர் அறையின் கதவடியில் கறுப்பாய் ஏதோ கசிந்து காலணியில் பிசுபிசுத்தது. உள்ளே மெல்போர்ன் லாரிக்கு வைத்திருந்த இரண்டு டன் கணவாய் மீன். தொட்டால் விரல் உள்ளே போனது. என்னத்தைச் சொல்ல, கண்ணுகளா, மூன்று நாள் எனக்கு ரொட்டிகூட இறங்கவில்லை.

"மோட்டார் நின்னு மூணு நாளாவது இருக்கும்," என்றாள் முதலாளி தோரா, மூக்கைப் பொத்தியபடி. "மெரிடி, தினம் காலையில என் போனுக்கு 'எல்லா அறையும் சரி'ன்னு அனுப்புச்சேடி உன் புரோகிராமு!"

மெரிடியின் முகம் வெளுத்தது. பதினொரு வருடம் என் பக்கத்தில் நின்று மீன் குடல் உருவியவள். சனிக்கிழமை வகுப்பில் ஜாவா என்கிற கணினி மொழி படித்து, பன்னிரண்டு அறைகளின் குளிரையும் பார்த்துச் சொல்லும் புரோகிராம் எழுதியிருந்தாள். அது ஒழுங்காய் ஓடினால் கத்தியை வைத்துவிட்டு அலுவலக மேசைக்கு வரலாம் என்று தோரா வாக்குக் கொடுத்திருந்தாள்.

கூடச் சேர்ந்து எழுதிய கெல்வினையும் வரவழைத்தோம். பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், அவளுடைய வகுப்புத் தோழன். எல்லோரும் கணினி முன் நின்றோம்.

பன்னிரண்டு அறைகளின் அளவும் அரே என்கிற ஒரு வரிசையில் போய் விழுகின்றன. கதவுகளில் பெயின்டால் எழுதியிருப்பதைப் போலவே, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பார்க்கச் சொல்லியிருந்தாள் மெரிடி. ஜாவாவோ பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதற்கு முதல் கதவு பூஜ்யம், கடைசிக் கதவு பதினொன்று. பன்னிரண்டு என்று ஓர் இடமே கிடையாது.

"அப்ப ஒன்னாம் கதவை அது பாக்கவே இல்லையா?"

"ஒருநாள்கூட இல்ல, தோரா," என்றாள் மெரிடி.

"இல்லாத இடத்தைத் தேடினா அது சும்மாவா இருக்கும்?"

"கத்துச்சு. சிவப்பு எழுத்துல." மெரிடி கெல்வினைப் பார்த்தாள்.

அவன் தலையைச் சொறிந்தான். "தோரா, உனக்குப் போட்டுக் காட்டுற அன்னிக்குச் சிவப்பா வந்தா அசிங்கமா இருக்குமேன்னு... பிழை வந்தா பேசாம முழுங்கிடுன்னு நாலு வரி சேர்த்தேன்."

"அசிங்கமா? வாடா, உள்ள வந்து பாரு அசிங்கத்தை!"

"அவனை மட்டும் திட்டாத. நானும் பாத்தேன். மேசை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டேன்," என்றாள் மெரிடி.

கணவாயைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்குக் குமட்டியது. என் மெரிடியா இது?

அவள் அந்த நாலு வரியை அழித்தாள். ஓட்டினாள். வரிசையின் நீளம் பன்னிரண்டு, பன்னிரண்டாம் இடம் இல்லை என்று சிவப்பாய்க் கத்தியது. பிறகு பூஜ்யத்தில் தொடங்கி, நீளத்துக்கு ஒன்று குறைய நிற்கும்படி மாற்றி மறுபடி ஓட்டினாள். திரையில் முதல் வரி: கதவு 1, பத்தொன்பது டிகிரி.

தோரா திரையில் விரலை வைத்து அந்த வரியைப் படித்தாள்.

"இப்ப உண்மையைச் சொல்லுது. ஆனா மேசை இப்போதைக்கு இல்ல. ரெண்டு மாசம் இது சொல்றதைக் கதவு கதவா நடந்து கையால சரிபாரு. அப்புறம் பேசலாம். இப்ப மண்வெட்டியை எடு. நீயும்தான், கெல்வின்."

மூன்றாம் முறை அள்ளியபோதே கெல்வின் வாந்தி எடுத்தான். மெரிடி எடுக்கவில்லை. முழங்கை வரை அந்தக் கூழ் வழிய, கடைசித் துண்டுவரை அள்ளிவிட்டு, கதவில் இருந்த ஒன்று என்ற எண்ணைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.