ஏழு மணிப் பயிற்சி

...அப்படியென்றால் இத்தனை நாளும் தின்றதெல்லாம் பொய்க் கணக்கிலா, என்று நினைத்த வேகத்தில் கத்தி காரட்டைத் தாண்டிப் பலகையில் இறங்கியது, பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது, இறைச்சிக் கடையில் நாள் முழுக்க எலும்பு வெட்டுகிறவளுக்கு ஒரு காரட் அடங்கவில்லை பார். எல்லாம் காலையில் அந்தப் பெண் கேட்ட கேள்வி. உடற்பயிற்சிக் கூடத்தில் யார் எவ்வளவு தின்னலாம் என்று சொல்கிறவள், இவள் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் கணக்கு டீச்சர். இவள் கையில் கட்டியிருக்கும் வாட்ச் இதயத் துடிப்பை எண்ணி அனுப்பிய வரைபடத்தைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, "அக்கா, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன எக்சர்சைஸ் பண்றீங்க? நீங்க கடையில வெட்டுறதை விட அதுதான் எகிறுது," என்றாள். என்ன சொல்வது? என் வீட்டுக்காரர் பைக் தெருமுனையில திரும்புற நேரம்மா அது, என்றா? ஸ்கிப்பிங் என்று சொல்லிவைத்தாள். டீச்சர் நம்பவில்லை. "டென்ஷன்ல இதயம் துடிச்சாலும் நீங்க ஓடுறீங்கன்னு வாட்ச் நினைச்சுக்கும்க்கா. அந்தக் கலோரியை நம்பிச் சாப்பிட்டீங்கன்னா எடை இறங்கவே இறங்காது."

இறங்கவில்லையே. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, வாட்ச் எரித்ததாகச் சொன்னதில் ஐந்நூறு கலோரி குறைத்து, ஒவ்வொரு ரொட்டியையும் எடை போட்டுத் தின்றும் தராசு முள் ஆணி அடித்தது போல அங்கேயே நிற்கிறது. மாதக் கடைசியில் பஸ் கம்பெனியில் டிரைவர் வேலைக்கு மருத்துவப் பரிசோதனை, எழுபது கிலோவுக்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் வெளியே போ என்பார்கள், இன்னும் மூன்று கிலோ. கடையின் இறைச்சி வேனை ஓட்டிப் பழகிய கை அவளுக்கு, ஓட்டும் தேர்வில் முதல் ஆளாகத் தேறிவிட்டாள். வேலை வேறு ஊரில், தங்க ஒரு அறையும் தருவார்கள், உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளும் கதவு, அவளே பார்த்துவிட்டு வந்தாள். புருஷனுக்கு இது தெரியாது. தெரிந்தால் அந்த ஊருக்கு அவள் பிணம்கூடப் போய்ச் சேராது.

அட பாவி வாட்சே, நீயுமா... போன வாரம் பீரோவில் அவள் தலையைப் பிடித்து மோதினானே, ஒரு தடவையா, தரையில் உட்கார்ந்து பல் ஆடுகிறதா என்று நாக்கால் தடவிக்கொண்டிருந்தபோது மணிக்கட்டு கிர்ரென்று அதிர்ந்தது, இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள், வாழ்த்துகள், கூடவே கலர் கலராய் நட்சத்திரம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்ததற்கு இன்னொன்று விழுந்தது. அப்புறம் அவன் தூங்கியதும் எழுந்துபோய், பாடுபட்டுச் சம்பாதித்த உரிமையோடு, கிழிந்த உதட்டை ஒதுக்கிக்கொண்டு இரண்டு முட்டை கூடுதலாகத் தின்றாள். வாங்கிய அடியை உழைப்பு என்று நம்பியிருக்கிறாளே, இவளை விட முட்டாள் உண்டா? பயத்தில் ஆள்தான் கரைகிறாள், கொழுப்பு கரையவில்லை. சரி, ஏழு மணியைக் கழித்துவிட்டுப் போட்டால் எவ்வளவு குறையும், நூறு, நூற்றைம்பது... இல்லை, முந்நூறாவது போகும், அப்படியானால் ராத்திரி ரொட்டியே கிடையாது.

பைக். வாட்சில் துடிப்பு எண் நூறைத் தாண்டியது, நூற்றுப்பத்து, நூற்றிருபது, ஏறு, சும்மா ஏறு, நீ என்ன ஏறினாலும் அரை பிஸ்கட்டுக்குக்கூடப் பெறமாட்டாய். கதவு உதைபட்டது. "என்னடி, இன்னும் வெட்டிக்கிட்டே இருக்க? கடையில கத்தி பிடிக்கிற திமிரா?" அவள் அடுத்த காரட்டை எடுத்தாள். "கேக்குறேன்ல?" தட்டு சுவரில் மோதியது, காரட் தரையெங்கும், முடியைக் கொத்தாகப் பிடித்து அவளைப் பின்னால் வளைத்தான், அவன் கழுத்து இவள் கண்ணுக்கு நேரே வந்தது, நரம்பு புடைத்துக்கொண்டு, அதற்குக் கீழே தோள், ம், எலும்பும் எலும்பும் சேரும் இடம், விரல் வைத்தால் தெரிந்துவிடும், அங்கே பலமே வேண்டாம், நுனி போதும், தானாகக் கழன்றுகொள்ளும், தொண்ணூறு கிலோ தேறுவானா, எலும்பு போக எவ்வளவு, முன்னங்கால் மட்டும்... சீ, கை, கை... அவன் என்னவோ கத்திக்கொண்டிருந்தான், பக்கத்து வீட்டில் யாரோ கத்துவது போல இருந்தது.

முகத்தை மறைக்கத் தூக்கிய இடது கையில் வாட்ச் ஒளிர்ந்தது. எழுபத்திரண்டு. கெட்டுப்போய்விட்டதா? மறுபடி பார்த்தாள், எழுபத்தொன்று. அவன் வீட்டில் இருக்கும்போது இந்த எண்ணை அவள் பார்த்ததே இல்லை, பயம் போய்விட்டதா, அட, இவ்வளவுதானா, இப்படித்தான் போகுமா, இனி வாட்ச் பொய் சொல்லாது, கணக்கு சரியாகிவிடும், மூன்று கிலோவும் இறங்கிவிடும், என்று சந்தோஷம்கூட லேசாக எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் உறைத்தது, இந்த எண் அவளுக்கு வருவது ஒரே இடத்தில், கடையில், கொக்கியில் தொங்குவதை இறக்கிக் கட்டையில் போட்டுவிட்டு எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்க்கும்போது. வலது கை இன்னும் கத்தியை விடவில்லை. அவன் அறைந்தான், வலித்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை, அவள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எழுபத்தைந்து, தொண்ணூறு, நூற்றுப்பத்து என்று ஏறத் தொடங்கியது, இந்த முறை அவனுக்குப் பயந்து அல்ல, தன் வலது கைக்கு.