கையை வெளியே எடு

கையுறை மாட்டிக்கொண்டுதான் அருங்காட்சியகத்திலிருந்து வந்த பெண் அப்பாவின் கோட்டைத் தொட்டாள். அதுவரை எனக்கு நிறைவாகவே இருந்தது. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் கோட்டைக் கிடத்தியிருந்தோம். நூற்றைம்பது ஆண்டுகளில் ஆண்களின் உடை எப்படியெல்லாம் மாறியது என்று அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி. அதில் ஒரு கண்ணாடிப் பெட்டி அப்பாவுக்கு. கீழே ஓர் அட்டை வைப்பார்கள். அப்பா ஒரு மாளிகையில் வேலை பார்த்தவர். 'மாளிகையின் நிர்வாகி' என்று அதில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். திறப்பு விழாவுக்குச் சம்பந்தி வீட்டார் உட்பட அறுபது பேரை நேரில் போய் அழைத்தும் வந்திருந்தேன்.

அவள் பொத்தான்களைப் பார்த்தாள். காலரைப் பார்த்தாள். பிறகு அளவு நாடாவை இரண்டு முறை வைத்துப் பார்த்தாள்.

"ஒரு காலத்துல எல்லாரும் முழங்கால் வரைக்கும்தான் போட்டாங்க, ஐயா. அப்புறம் பெரிய மனுஷங்க கோட்டெல்லாம் குட்டையாயிடுச்சு. இது அதுக்கும் இருபது வருஷம் கழிச்சுத் தச்சது. அப்பவும் நீளமாவே இருக்கு."

"எங்கப்பாவுக்குப் புதுசு பிடிக்காதும்மா" என்றாள் என் தங்கை. "இதோ அண்ணனைப் பாருங்க. பேண்ட்டை இன்னும் ரெண்டு விரல் ஏத்தினா சட்டையே வேண்டாம்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் விரல் கோட்டின் பைவாயில் நின்றுவிட்டது.

தங்கை விடவில்லை. சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். அதே கோட்டில் அப்பா, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி நிமிர்ந்து நிற்கிறார். "எங்க வீட்டு ஆம்பளைங்க பையில கை விட மாட்டாங்க. விட்டா, 'கையை வெளியே எடு'ன்னு அப்பா ஒரு அதட்டல் போடுவார். அவருக்கப்புறம் அண்ணன். பெத்த பிள்ளையைக் கல்யாணப் பந்தல்ல வச்சு அறைஞ்சாரே, இதுக்குத்தான்."

உண்மைதான். அறைந்தேன். குடும்பத்துக்கென்று ஒரு நிமிர்வு வேண்டாமா?

"இந்தப் பையைத் தச்சு மூடியிருந்திருக்காங்க, ஐயா."

"புதுக் கோட்டுன்னா தையற்காரர் அப்படித்தான் தச்சுத் தருவார். வாங்கினவங்க பிரிச்சுக்கணும்" என்றேன்.

"அது சும்மா ஓட்டுத் தையல். இது ரெட்டைத் தையல், துளை ரெண்டு வரிசையா இருக்கு." பையின் உள்துணியை மெல்ல வெளியே இழுத்தாள். கறையோ கசங்கலோ இல்லாமல், கடையிலிருந்து வந்த அன்று இருந்த வெள்ளை. "முப்பது வருஷம் போட்டார்னு சொன்னீங்க. முழங்கை ரெண்டும் தேஞ்சிருக்கு. இதுக்குள்ள ஒரு நாள்கூடக் கை போகல."

"அதான் சொன்னேனே, எங்கப்பா கையை..." என்று ஆரம்பித்த தங்கை பாதியில் நிறுத்தினாள். "எதுக்குத் தச்சு மூடுவாங்க?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தபடி அவளே சொன்னாள். "சில வீடுகள்ல வேலைக்காரங்களுக்கு அப்படித்தான் கொடுப்பாங்கம்மா. எதையும் எடுத்துப் பையில போட்டுக்கக் கூடாதுன்னு. அந்தப் பழைய நீளக் கோட்டும் அவங்களுக்குத்தான்."

தங்கை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அப்பா இறந்த மறுநாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, சவர பிளேடால் அந்தத் தையலை ஒவ்வொன்றாக அறுத்தவன் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நூலை எரித்தேன். ஊசி போன துளைகளை எரிக்க முடியுமா?

"அண்ணா, உனக்குத் தெரியுமா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நிர்வாகின்னு எழுத முடியாது, ஐயா" என்றாள் அந்தப் பெண். "இருந்ததைத்தான் எழுதணும். வேண்டாம்னா பேரில்லாம வச்சுடலாம். யாரோ ஒருத்தரோட கோட்டுன்னு."

படிவத்தைத் துணியின் ஓரத்தில் வைத்தாள். 'உடுத்தியவர்' என்ற சொல்லுக்கு எதிரே ஒரு வெற்றுக் கோடு. பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

யாரோ ஒருத்தர். அறுபது பேரும் வந்து பார்ப்பார்கள், நல்ல கோட்டு என்பார்கள், போவார்கள். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. சுவரில் இருக்கிறவர் மட்டும் அங்கேயே நிற்பார்.

நீட்டிய பேனா நீட்டியபடியே இருந்தது. என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கோத்துக் கிடந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். கோத்த விரல்கள் பிரியவில்லை.

"கையை வெளியே எடு" என்றாள் தங்கை, அப்பாவின் குரலில்.

மேசையின்மேல், கறுப்புக் கோட்டுக்கு வெளியே, அந்தப் பை வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.